செல்லக்கனிக்கு நீர் கோத்த வருஷம்

காலடிப்பேட்டை செல்லக்கனிக்கு இடது மார்பை எடுத்த இடத்தில், அவளுடைய நாத்தனார் ராமசெல்வி எதிரே உட்கார்ந்து ஒரே ஒரு பெருமூச்சு விட்டதில், முக்கால் செம்பு நீர் கோத்தது. ஆபரேஷன் முடிந்து, விலாவில் தொங்கிய டியூபை எடுத்து, தையலும் காய்ந்திருந்த சமயம் அது. கையைத் தூக்கினால் தோலுக்கடியில் நீர் தளும்பும் சத்தம் அடுப்படிவரை கேட்டது. ஊசி போட்டு உறிஞ்சியெடுத்த டாக்டர் மகிமா, "இது நிறைய பேருக்குக் கோக்கும்மா, பயப்படாதீங்க. பட்டையை இறுக்கிக் கட்டுங்க, உடம்பே மெதுவா இழுத்துக்கும்" என்றார். இது வற்றாமல் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க முடியாது, கரண்ட் வைப்பதை ரொம்பத் தள்ளிப்போடவும் கூடாது என்றும் சொன்னார். முதலில் சொன்னது புருஷன் தங்கப்பாண்டியின் காதில் விழுந்தது. பின்னால் சொன்னது செல்லக்கனியின் காதில் மட்டும் விழுந்தது.

தங்கப்பாண்டி ராயபுரத்தில் பருப்பு மொத்த வியாபாரி. ஆகவே அவரிடம் சரக்கு எடுக்கிற கடைக்காரர்கள் எல்லோரும் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகக் குடும்பத்தோடு பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் பேசினார்கள், பேசப் பேச நீர் ஏறியது. இழவு வீட்டு முகத்தோடு விசாரித்தால் அரை டம்ளர். பக்கத்துத் தெருவில் இதே நோயில் போய்ச் சேர்ந்தவளின் கடைசி நாட்களை விவரித்தால் ஒரு டம்ளர். ஆஸ்பத்திரியெல்லாம் கொள்ளை, ஏதோ ஒரு இலையை அரைத்துக் குடித்தால் கட்டி தானாகக் கரைந்திருக்கும் என்றால் ஒன்றரை. உடன்குடியிலிருந்து ஒத்தாசைக்கு வந்த ராமசெல்விக்குப் பேச்சே தேவைப்படவில்லை. தம்பியின் முகத்தைப் பார்ப்பாள், செல்லக்கனியின் தட்டையான பக்கத்தைப் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க வேண்டிவரும்.

மீன்காரி ஹில்டா வந்துபோன நாளில் மட்டும் நீர் ஏறவில்லை. கூடையை இறக்கும்போதே, "இன்னாக்கா, கண்ணுல்லாம் உள்ள பூட்ச்சு? வஞ்சிரம் இல்ல, சங்கராதான் கீது, வாங்குனா வாங்கு, இல்லாங்காட்டி வுடு" என்றாள். தளும்புவது கேட்டதும் மீன் கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். "அய்யே, எளநீ மாரி கீதுக்கா! சீவிக் குடிச்சுறலாம் போல!" ஆபரேஷனுக்குப் பிறகு செல்லக்கனி அன்றைக்குத்தான் சிரித்தாள். சிரித்து முடித்தபோது வீக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. விஷயம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"வாரவங்கள வரவேண்டாம்னு சொல்லிருங்க. அவங்க பேச்சுலதான் இது ஏறுது" என்றாள் புருஷனிடம்.

"என்னட்டி பேசுத? மூட்டை மூட்டையா எடுக்கிற ஆளுங்க. வராதன்னா வேற கடைக்குல்லா போயிருவாங்க?"

அவர் நம்பாமலில்லை. மழை பொய்த்தால் துவரை விலை ஏறுகிறது, அக்கா வந்தால் நீர் ஏறுகிறது, இரண்டையும் அவரால் புரிந்துகொள்ள முடிந்தது. தனக்குத் தோதுப்படவில்லை, அவ்வளவுதான். இதைச் சொல்லும்போதும் அவளுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தே சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு பெண்டாட்டியோடு பேசும்போதெல்லாம் காலண்டரைப் பார்த்துப் பேசி, வரப்போகிற முகூர்த்த நாளெல்லாம் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது.

பிறகு வியாபாரிகள் சங்கம் பாராட்டுக் கூட்டம் வைத்தது. செல்லக்கனியைக் கேட்காமல் அவள் வீட்டு ஹாலிலேயே வைத்தது. வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸில் 'புற்றை வென்ற புரட்சித் தாரகை' என்று எழுதி, சங்கத் தலைவர் சாலமோனை முழு உயரத்துக்கும், தங்கப்பாண்டியை இடுப்பளவுக்கும், செல்லக்கனியை ஒரு சின்ன வட்டத்துக்குள்ளும் போட்டிருந்தார்கள். முதல் பொன்னாடைக்கே ரவிக்கை நனைந்தது. சாலமோன் மைக்கைப் பிடித்து, "இந்த அம்மா நமக்கெல்லாம் ஒரு பாடம்" என்றபோது நீர் தையல் வழியே கசிந்து சேலையில் இறங்கித் தரையில் ஓடியது. "வலியை எல்லாம் புன்னகையால் ஜெயித்தவர்" என்றபோது கணுக்காலளவு நின்றது. கூட்டம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கைதட்டியது. தலைவர் தன் சங்க அனுபவங்களுக்குள் நுழைந்ததும் முழங்காலைத் தொட்டது, காலி நாற்காலிகள் மிதந்தன, ஒரு தட்டு சமோசா ராமசெல்வியைத் தாண்டி மெதுவாக வாசலுக்குப் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை. தலைவர் பேசும்போது எழுந்து போவது மரியாதையில்லை.

செல்லக்கனி எழுந்து அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"போதும் அண்ணாச்சி. நான் எதையும் ஜெயிக்கல. எனக்கு வலிக்குது. செத்துருவேனோன்னு பயமா இருக்கு. கரண்ட் வைக்கணும், அதுக்கு இது வத்தணும். எல்லாரும் வாய மூடிட்டு வீட்டுக்குப் போங்க. மைனி, நீங்களும் ஊருக்குக் கிளம்புங்க."

மைக் கையில் இருந்ததால் தெருமுனைவரை கேட்டது. ஹாலில் நின்ற நீர் படி வழியாக இறங்கி ஓடியது. அந்த வாரம் தண்ணீர் லாரி வராததால் தெருப் பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். உப்புக் கரித்ததில் வாசல் கழுவ மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ராமசெல்வி பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு அப்போதே கிளம்பினாள். பேருந்து மறுநாள்தான்.

எல்லோரும் போனபின் மார்பில் சுற்றிய பட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மாற்றிக் கட்ட வீட்டில் தங்கப்பாண்டி மட்டுமே இருந்தார். பட்டையை அவிழ்த்தார். தழும்பு அக்குள்வரை கோணலாக ஓடியிருந்தது. அவர் கண் காலண்டருக்குப் போய்த் திரும்பி வந்தது, இந்த முறை தழும்பிலேயே நின்றது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். இறுக்கிக் கட்டுங்க."

எத்தனையோ மூட்டை வாயைக் கட்டிய கை அது. அப்படியும் சுற்று இரண்டு தரம் தவறியது. முடிச்சு மட்டும் சரியாக விழுந்தது. தினமும் அவரே கட்டினார், பேசாமல் கட்டினார். நீர் வற்றிக்கொண்டே வந்தது. மகிமா தொட்டுப் பார்த்துவிட்டு, கரண்ட் வைக்கத் தேதி கொடுத்தார்.

கரண்ட் வைத்து முடித்து, அதில் கறுத்த தோலும் நன்றாகத் தெளிந்துவிட்டது. ஆனாலும் யாராவது வாய்தவறி அவளைச் சிங்கப்பெண் என்று சொல்லிவிட்டால் ஹால் தரையில் நீர் நிற்கிறது. மூலையில் ஒரு வடிகால் வைக்கக் கொத்தனார் ஜெயவேலைக் கூப்பிட்டார்கள். ஹாலுக்கு எதற்கு வடிகால் என்று அவர் கேட்கவில்லை.

"ஒன்ற இஞ்சு பைப்பு போட்டா போதுமாம்மா, இல்ல ரெண்டு இஞ்சா?"

"ரெண்டே போடுங்க" என்றாள் செல்லக்கனி. "எலெக்ஷன் வருதுல்லா."