பூட்டிக் காட்டிய வில்லுக்கத்தி

என் மனுசன் சூசைதாசனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கடலுக்குப் போகிற காலத்தில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. எண்பத்தைந்தாம் ஆண்டு தொடக்கத்தில், கடலில் இறங்கக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டு எங்கள் குருநகர் முழுவதையும் கரையில் இருத்திவிட்ட பிறகுதான் எனக்குத் தலையிடி தொடங்கியது. முதலில் மண்ணெண்ணெய்க் குக்கரைக் கழற்றினார். பிறகு என் தையல் மெசினை. பிறகு சைக்கிளை. கழற்றினதை எல்லாம் திருப்பிப் பூட்டிவிடுவார், அதில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் குசினிக்குள் கால் வைக்க இடமில்லாமல் ஆணியும் திருகாணிச் சுரையும் கிடந்தால் எந்தப் பொம்பிளைக்குத்தான் விசர் வராது?

அந்த மாசி மாதக் காலையில் அவர் கையில் எடுத்தது வில்லுக்கத்தி. மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கிற சாதாரணக் கத்திதான். கயிறு அறுக்க, வலையில் சிக்கினதை வெட்டியெடுக்க, கடலுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும். கடையில் வாங்கும்போது அதைக் கழற்ற ஏலாது, பிடியில் ஆணி அறைந்து இறுக்கியிருப்பார்கள். இவர் விடுவாரா? அந்த ஆணிகளைத் தட்டி எடுத்துவிட்டு, உடைந்த றேடியோ ஒன்றின் ஸ்குறூக்களைப் போட்டிருந்தார். உப்புத்தண்ணீர் உள்ளே போய், அலகை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு வில்லைத் தின்றுவிடும், அடிக்கடி கழற்றித் துடைக்கவேண்டும் என்பது அவருடைய கதை.

மேசையில் பழைய பேப்பரை விரித்தார். பிடியின் மரத்துண்டுகள், அவற்றுக்கு உள்ளே இருந்த பித்தளைத் தகடுகள், முதுகுப் பக்கத்து வில்லு, கடைசியாக வெட்டுகிற அலகு. கழன்ற ஒழுங்கிலேயே வரிசையாக வைத்தார். உள்ளே கறுத்த மண்டியும் காய்ந்த மீன் செதிலும் அப்பிக் கிடந்தன. என் தேத்தண்ணிப் பீரிசை எடுத்து, அதில் மண்ணெண்ணெயை ஊற்றி, பழைய பல்பிரசால் ஒவ்வொன்றாகத் தேய்த்தார்.

"உந்தப் பீரிசிலை இனி ஆர் தேத்தண்ணி குடிக்கிறது?" என்று கேட்டேன்.

"நான் குடிப்பன்."

"குடியுங்கோ. குடிச்சுப்போட்டு அடுப்படிக்கு மட்டும் வராதேங்கோ, பத்திப்போடும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அந்த மனிதரோடு கோபத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்க எனக்கு ஒருநாளும் முடிந்ததில்லை.

அப்போதுதான் பக்கத்து வளவிலிருந்து அவருடைய தங்கை றோஸ் வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"மச்சாள், வந்திட்டாங்கள். றோட்டு முழுக்க ஆமி. ஆம்பிளையள் எல்லாரையும் அடையாள அட்டையோடை கோயில் வளவுக்கு வரட்டாம். என்ரை மனுசன் போயிட்டார். அண்ணையையும் கெதியாய் அனுப்பு."

அவள் சொல்லி முடிக்க ஒலிபெருக்கிச் சத்தம் எனக்கும் கேட்டது. இது எங்களுக்குப் புதிது இல்லை. ஆம்பிளைகளை வெயிலில் மணலில் இருத்துவார்கள். ஆயுதம் தூக்கின இயக்கக்காரரைக் காட்டிக்கொடுக்க, முகத்தைச் சாக்கால் மூடின ஒருவன் ஜீப்புக்குள் இருந்து பார்ப்பான். அவன் தலையாட்டினால் பிடித்துக்கொண்டு போவார்கள், ஆட்டாவிட்டால் வீட்டுக்கு வரலாம். ஆனால் கூப்பிட்ட இடத்துக்குப் போகாமல் வீட்டுக்குள் அகப்படுகிறவனுக்கு அந்தத் தலையாட்டியும் தேவையில்லை.

"எழும்புங்கோ. சட்டையைப் போடுங்கோ," என்றேன்.

"பொறு. பூட்டிப்போட்டுப் போறன்."

"உங்களுக்கென்ன விசரே? நான் பூட்டி வைக்கிறன், நீங்கள் போங்கோ."

"உனக்குத் தெரியும்தானே ஸ்ரெல்லா."

தெரியும். அவர்களுடைய குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம். கடலுக்குக் கொண்டுபோகிற கத்தியைக் கழற்றிப் போட்டபடி ஆம்பிளை வாசலைத் தாண்டக்கூடாது. கழற்றின கைதான் பூட்டவும் வேண்டும். இவருடைய சித்தப்பா அதைக் கவனிக்காமல் போய் மண்டைதீவுக் கடலில் தாண்டு செத்துப்போனாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இதை வேதம் போல வைத்திருந்தார்கள்.

"இது கடலில்லை. கோயில் வளவு," என்றேன்.

"வாசல் வாசல்தான்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பேப்பரை அப்படியே சுருட்டிக் கிணற்றுக்குள் போடலாம் போலிருந்தது. அவரோ, மண்ணெண்ணெயோடு பூட்டினால் தூசி அப்பும் என்று வில்லைத் துணியால் ஒத்திக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கோயில் வளவுக்குப் போன எங்கள் ஒழுங்கைத் தெருவின் ஆம்பிளைகள் எல்லாரும் மத்தியானம் வீட்டுக்கு வந்து சோறு தின்றார்கள். றோஸின் மனுசனும் வந்தான்.

இவர் பூட்டத் தொடங்குவதற்குள் வாசல் படலையை உதைத்துத் திறந்துகொண்டு ஆமிக்காரர் உள்ளே வந்தார்கள். முன்னால் இரண்டு துவக்குக்காரர், விரல் விசையில். பின்னால் அவர்களுக்குக் கட்டளையிடுகிற ஒரு பெரியவன், அவனோடு தமிழ் தெரிந்த ஒரு ஆமிக்காரன். வந்தவர்கள் என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. மேசையைத்தான் பார்த்தார்கள். தகடு, வில்லு, ஸ்குறூ, எண்ணெய்த் துணி.

பெரியவன் பேனா நுனியால் வில்லைத் தூக்கிப் பார்த்து ஏதோ சொன்னான்.

"இது எந்தத் துவக்கின்ரை சாமான் எண்டு ஐயா கேக்கிறார்," என்றான் தமிழ் தெரிந்தவன்.

"துவக்கில்லை சேர், வில்லுக்கத்தி. துடைக்கிறதுக்குக் கழட்டினனான்."

அலகு என்னவென்று அவர்களுக்கும் தெரிந்தது. மிச்சத்தைத்தான் நம்பவில்லை. கூப்பிட்ட இடத்துக்கு ஏன் போகவில்லை என்று கேட்டார்கள். இவர் சித்தப்பாவின் கதையைச் சொல்லத் தொடங்கினார். அதை எந்த ஆமிக்காரன் நம்புவான்? தமிழ் தெரிந்தவன் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினான்.

"கத்தியெண்டால் பூட்டிக் காட்டு."

அவர் மேசைக்கு முன்னால் கதிரையில் போய் இருந்தார். விரலிலிருந்து ஒரு ஸ்குறூ நழுவி விழுந்து உருண்டது. நான் குனியப் போக, ஒரு துவக்கு என் பக்கம் திரும்பியது. அப்படியே நின்றுவிட்டேன். வாசலில் நின்ற ஆமிக்காரன் அந்த ஸ்குறூவைத் தன் சப்பாத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தான்.

பித்தளைத் தகட்டுக்கு மேல் வில்லை வைத்தார். அலகைச் செருகினார். மற்றத் தகட்டையும் மரத்துண்டுகளையும் மூடி, ஸ்குறூவை முடுக்கினார். கடைசியில் வில்லை உள்ளங்கையால் அமத்தி அலகுக்குக் கீழே இருத்தவேண்டும். அதற்கு முன் நிமிர்ந்து, "சேர், இது துள்ளும், சத்தம் கேக்கும். சுட்டுப்போடாதேங்கோ," என்றார்.

'டக்' என்றது. துவக்கைத் தூக்கினவன் மெல்லப் பதித்தான். அவர் கத்தியை விரித்தார், மடித்தார், பிடிப் பக்கமாகப் பெரியவனிடம் நீட்டினார். அவனும் விரித்து மடித்துப் பார்த்தான். மாதாவே என்று என் நெஞ்சு குளிர்ந்தது. அந்த நேரம் கேட்டிருந்தால் அவர்கள் எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருப்பேன்.

பெரியவன் கத்தியைத் திருப்பி மேசையில் போட்டு, விரலால் சுழற்றிக் காட்டினான். இன்னொருமுறை.

இந்த முறை அவருடைய விரல் எதையும் நழுவவிடவில்லை. பயம் போய்விட்டது. பயம் போன இடத்தில் வேறொன்று வந்து குந்திவிட்டது. யாருடைய எஞ்சினையாவது திருத்திக் கொடுத்துவிட்டு வாய்க்குள் ஒரு சிரிப்புச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்போடு பெரியவனின் முகத்தைப் பார்த்தபடி, கையைப் பார்க்காமலே கழற்றினார், பார்க்காமலே பூட்டினார். பெரியவன் தன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு கெதியாய்ப் பூட்டுகிறார் என்று அவன் கணக்குப் பார்க்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"மெல்ல, ஆறுதலாய்ச் செய்யுங்கோ," என்றேன்.

"பயப்பிடாதை ஸ்ரெல்லா. எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் ஏலும்."

எனக்குச் சொன்னதுதான். தமிழ் தெரிந்தவன் அதையும் பெரியவனுக்குச் சொன்னான்.

பெரியவன் முதல்தடவையாகச் சிரித்தான். பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக் கொடுத்தான். துவக்குக்காரன் ஒருவன் அதை அவருடைய கண்ணில் இறுக்கிக் கட்டினான். கட்ட விட்டுக்கொண்டு இந்த மனிதர் நேராக இருந்தார். வேண்டாம், பிழைவிடுங்கோ, ஒரு ஸ்குறூவையாவது தவறவிடுங்கோ என்று என் மனம் கிடந்து அடித்தது. அதை எந்தப் பாசையில் சொல்வது? நான் சொல்வதெல்லாம் அந்தத் தமிழ் தெரிந்தவனுக்கும் விளங்குமே.

அவர் ஒன்றையும் தவறவிடவில்லை. 'டக்' என்று வில்லு விழுந்தது. கத்தியை வைத்துவிட்டு, லேஞ்சியை அவிழ்க்கக் கையைத் தூக்கினார். தூக்கின கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் மடக்கினார்கள்.

"சேர், முடிஞ்சுது," என்றார்.

நான் தமிழ் தெரிந்தவனின் முன்னால் போய் நின்றேன். "தம்பி, கத்திதானே. உங்கடை கண்ணாலை பாத்தனீங்கள்."

"கத்திதான் அம்மா. அது விளங்கிட்டுது. இப்பிடிப் பூட்டுறதுக்கு இவர் எங்கை, எந்த இயக்கத்திலை பழகினவர் எண்டு விசாரிக்க வேணும்."

"கடலிலை. இருட்டிலை தோணியிலை வேலை செய்து பழகினவர். வேறை ஒரு இடமும் இல்லை. அதை உங்கடை ஐயாவுக்குச் சொல்லுங்கோ."

அதை அவன் சொல்லவில்லை.

படலையடியில் அவருடைய கால் இடறியது. தலையை என் பக்கம் திருப்ப நினைத்து, மதில் பக்கம் திருப்பினார்.

"ஸ்ரெல்லா, நான் சரியாய்த்தானே பூட்டினனான்?"

"ஓம்," என்றேன். "சரியாய்த்தான் பூட்டினீங்கள்."

ஜீப்பில் ஏற்றினார்கள். ஒழுங்கை முனையில் அது திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். லேஞ்சியை அவர்கள் அவிழ்க்கவில்லை.