ஓபுலேசுவின் வலது கை

"முப்பத்து நான்கு வயது ஆண். கூரிய ஆயுதத்தால் வலது மணிக்கட்டு முழுமையாகத் துண்டான நிலையில் கொண்டுவரப்பட்டார்."

டாக்டர் ஹைமவதியின் கட்டுரை இப்படித்தான் தொடங்கியது. மருத்துவ இதழ்களுக்கு இந்த அடக்க ஒடுக்கம்தான் பிடிக்கும். நடந்தது வேறு. பஸ் ஸ்டாண்டில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஓபுலேசுவை எதிர்க் கோஷ்டி ஆட்கள் நான்கு பேர் அமுக்கினார்கள். கடைப் பெஞ்சில் கையை நீட்டிவைத்து, வேட்டைக் கத்தியால் இரண்டே வெட்டில் எடுத்தார்கள். கடப்பாப் பக்கத்து ஊர், கோஷ்டிப் பகைக்குப் பயந்து யாரும் வாயைத் திறக்கவில்லை. அவன் மனைவி மத்திலேட்டம்மா மட்டும் நடுவில் விழுந்து, தோளில் ஒரு வெட்டு வாங்கிக்கொண்டு, புழுதியில் கிடந்த கையைப் பொறுக்கி, சோடாக்கடை ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்துவந்தாள்.

ஓபுலேசுவும் யோக்கியன் இல்லை. முந்தின வருஷம் அந்தக் கோஷ்டித் தலைவனுடைய தம்பியின் கையை எடுத்தவன் அவன்தான்.

பதினோரு மணி நேரம் நின்று ஹைமவதி அந்தக் கையை ஒட்டவைத்தாள். பிறகு ஒன்பது மாதம் கட்டுரையோடு மல்லுக்கட்டினாள். கட்டுரை அச்சில் வராமல் பதவி உயர்வு கிடையாது. அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போயிருந்தார்கள். அந்த எரிச்சல் அவளுக்குச் சோற்றிலும் கலந்திருந்தது. இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின. மூன்றாவது இதழின் பரிசீலகர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்: ஒட்டிய கை வேலை செய்கிறதா, படம் எங்கே?

ஹைமவதி வரச் சொன்னதும் ஓபுலேசு, எப்போதும் போலக் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு, மனைவியோடு வந்தான்.

"தூளிய அவுத்துடு. அந்த வாளியத் தூக்கு, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

"வேணாம் மேடம். ஊரப் பொறுத்தவரைக்கும் இந்தக் கை செத்துப்போச்சு. சங்கடிக் களிகூட இடது கையாலதான் திங்கறேன்."

"யாருக்குப் பயந்து?"

மத்திலேட்டம்மா பதில் சொன்னாள். "கைக்குக் கை போச்சுன்னு அவங்க விட்டுட்டாங்க மேடம். இது அசையுதுன்னு தெரிஞ்சா மறுபடி ஆரம்பிப்பாங்க."

"பேர் போடமாட்டேன், ஊர் போடமாட்டேன், மூஞ்சியக் காட்டமாட்டேன். இங்கிலீஷ் புஸ்தகம். டாக்டருங்களே பாதிப் பேர் படிக்கமாட்டாங்க. உங்க வீட்டுக்காரருக்கு இந்தக் கையக் குடுத்தவ நான். எனக்கு இது ஒண்ணு பண்ணக்கூடாதா?"

அதற்கு மேல் அவர்களால் மறுக்க முடியவில்லை. அவள் அதைத் தெரிந்துதான் சொன்னாள். ஓபுலேசு தூளியை அவிழ்த்து, தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கினான். விரல்கள் இறுகின. ஹைமவதிக்குக் கண் கலங்கியது.

கட்டுரை வெளிவந்தது. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் பூரித்துப்போய் அவளைக் கேட்காமலே நிருபர்களைக் கூப்பிட்டுவிட்டார். கட்டுரையின் நகலும் கைமாறியது. அப்போதாவது அவள் தடுத்திருக்கலாம். ஒன்பது மாதத்தில் முதல்முறையாக நாலு பேர் அவளைச் சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள், மயங்கிவிட்டாள்.

"எந்தக் கையா இருந்தாலும் ஒட்டிடலாமா மேடம்?" என்றான் ஒரு நிருபன்.

"ஐஸ்ல வச்சுச் சீக்கிரம் கொண்டுவந்தா ஒட்டிடலாம். வெயில்ல ஆறு மணி நேரம் கிடந்துட்டா எந்தக் கொம்பனாலயும் முடியாது. கட்டுரையிலயே எழுதியிருக்கேன்."

மறுநாள் காலை தெலுங்குப் பேப்பரில் வாளியும் கையும் கால் பக்கத்துக்கு வந்திருந்தன. புறங்கையில் பச்சை குத்திய தேள், கொடுக்கு வரைக்கும் தெளிவாக இருந்தது. அந்தத் தேளை ஒட்டித்தான் அவள் தையல் போட்டிருந்தாள். நரம்பையும் தசைநாரையும் பார்த்த கண்ணுக்கு அது இத்தனை நாளாகப் படவே இல்லை. உடனே ஓபுலேசுவுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு அவனைக் கொண்டுவந்தார்கள். பழைய தழும்புக்கு மேலே நான்கு விரற்கடையில் கை இல்லை. முழங்கைக்குக் கீழே கயிறு, சதை பிதுங்கும் அளவுக்கு முறுக்கிக் கட்டியிருந்தது. பல் இரண்டு உடைந்து, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மத்திலேட்டம்மாவின் ரவிக்கை கிழிந்து, கழுத்தில் விரல் தடங்கள் கன்றியிருந்தன. கையில் அதே சோடாக்கடைப் பெட்டி.

ஹைமவதிக்கு உயிர் வந்தது. பெட்டியைப் பிடுங்கி மூடியைத் திறந்தாள். ஐஸ்கட்டிகளுக்கு நடுவே தேள் இருந்தது. நசுங்கவில்லை, வெட்டு சுத்தமாக இருந்தது.

"தியேட்டரத் தயார் பண்ணுங்க," என்று நர்ஸைப் பார்த்துக் கத்தினாள். "எப்ப வெட்டினாங்க? சீக்கிரம் சொல்லு, எத்தன மணிக்கு?"

மத்திலேட்டம்மா அழவில்லை.

"காலையில ஆறரைக்கு. களத்துல வச்சு. சாகக் கூடாதுன்னு அவங்களே கயித்தக் கட்டினாங்க. கைய வெயில்ல பாறை மேல வச்சிட்டு, சுத்தி உக்காந்து சீட்டாடினாங்க. நான் பக்கத்துல போனப்பல்லாம் கழுத்தப் புடிச்சுத் தள்ளினாங்க."

"அப்புறம்?"

"ஒருத்தன் பேப்பர எடுத்துப் படிச்சான். பன்னெண்டரைக்கு வாட்ச்சப் பாத்துட்டு, 'இப்ப எடுத்துட்டுப் போ, உங்க டாக்டரம்மா ஒட்டட்டும்'னு கையத் தூக்கி என் மடியில போட்டான்."

ஹைமவதி கையைத் தொட்டாள். மேலே சில்லென்று இருந்தது. அழுத்தினால் உள்ளே இன்னும் வெயிலின் சூடு இருந்தது.

"ஆறு மணி நேரம்னு நீங்கதான் எழுதியிருந்தீங்களாமே மேடம்," என்றாள் மத்திலேட்டம்மா.