கடைக்கு வைத்த பெயர்

ஆரணியில் கடை திறக்கிறவன் பெயருக்காக மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. அம்மா பெயர் இருக்கிறது. பின்னால் சில்க்ஸ் என்று சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. அம்மா பெயரில் வைத்த கடை நிலைக்கும் என்பது ஊர் நம்பிக்கை. நிலைக்காமல் போன கடைகளுக்கும் அம்மா பெயர்தான் இருந்தது என்பதை யாரும் பேசுவதில்லை. கமலக்கண்ணனும் அந்த வழக்கப்படிதான் பாண்டிச்சேரியில் ஒரு சந்துக்குள் 'ராஜம்மாள் சில்க்ஸ்' என்று மரப்பலகை மாட்டினான். கடை ஒரு தீபாவளியைத் தாண்டவில்லை. பாண்டிச்சேரிக்கு வருகிறவர்கள் பட்டுப்புடவை வாங்குவதற்காக வருவதில்லை என்ற உண்மை, முதல் போட்டவனைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வந்த ஒன்றிரண்டு வெள்ளைக்காரர்களும் புடவையை வாங்கிப் போய் ஜன்னலுக்குத் திரையாகப் போட்டார்கள். அதைப் பார்த்துத்தான் பிலிப்புக்கு யோசனை உதித்தது. பிலிப் சேத்துப்பட்டுக்காரன், கமலக்கண்ணனோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். உல்லாசக் கப்பலில் பார் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் கரையேறியிருந்தான். விற்காத புடவைகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, வாழைமரம், தென்னங்கீற்று, மூங்கில் நாற்காலி, ரப்பர் கிளிகள் எல்லாம் வைத்து, ராத்திரியில் பாட்டுப் போட்டால் கூட்டம் நெருக்கும் என்றான். இதற்கு டிராபிக்கல் என்று பெயராம். நம்மூரில் கொல்லைப்புறம் என்று சொல்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பது கமலக்கண்ணனுக்குக் கடை திறந்த பிறகுதான் புரிந்தது. புதுப் பலகை செய்யவில்லை. தச்சரைக் கூப்பிட்டு 'சில்க்ஸ்' என்ற பாகத்தை மட்டும் அறுத்து எடுத்தார்கள்.

கூட்டம் நெருக்கத்தான் செய்தது. ரம்மோடு நன்னாரியும் மாங்காயும் பனங்கற்கண்டும் சேர்த்து பிலிப் ஒரு பானம் கலந்தான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அதற்காகவே காரில் வந்தார்கள். வடக்கிலிருந்து வந்தவர்கள் பலகையின் இங்கிலீஷ் எழுத்தை ராஜ்மா என்று படித்து, பயறு ஆர்டர் செய்து, பிறகு விஷயம் தெரிந்து சிரித்தார்கள். அடுத்து கோவாவில் ஒன்று, கொழும்பில் ஒன்று, துபாயில் ஒன்று. லிஸ்பன் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாத கமலக்கண்ணன், அங்கே வாழைமரம் வைக்க மண் கிடைக்குமா என்று விசாரிக்கப் போனான். பிலிப்பின் பானம் பாட்டிலில் அடைபட்டு, விமான நிலையக் கடைகளில் போய் உட்கார்ந்தது.

பாட்டில் என்றால் அதன்மேல் படம் வேண்டும். பம்பாயிலிருந்து ஒரு பெண் வந்து, ராஜம்மாள் என்பது யார் என்று கேட்டாள். கமலக்கண்ணன் செல்போனிலிருந்த அம்மா படத்தைக் காட்டினான். இரண்டு பக்கமும் மூக்குத்தி, பெரிய பொட்டு, புகைப்படக்காரரைச் சந்தேகத்தோடு பார்க்கும் கண்கள். அந்தப் பெண் அப்படியே வரைந்தாள். தோளில் ஒரு கிளியையும், கொண்டையில் பூவுக்குப் பதிலாக ஓர் அன்னாசிப்பழத்தையும் மட்டும் தன் பங்குக்குச் சேர்த்தாள்.

இதெல்லாம் ஆரணியில் கொசப்பாளையத்தில் இருந்த ராஜம்மாளுக்குத் தெரியாது. மகன் பாண்டியில் ஓட்டல் வைத்திருக்கிறான், அதுவும் தன் பெயரில் வைத்திருக்கிறான் என்பது வரைக்கும் தெரியும், அதை அவள் தெருவுக்கே சொல்லியிருந்தாள். ஒரு முறை பகலில் அழைத்துப் போய்க் காட்டினான். பகலில் பார்த்தால் எந்த நைட் கிளப்பும் கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரிதான் இருக்கும். சுவருக்கு ஏன் கறுப்பு அடித்தாய் என்று கேட்டாள், வெயில் தெறிக்காமல் இருக்க என்றான். காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தாள். அவன் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை. அவள் கேட்காததைச் சொல்லவும் இல்லை. இந்த ஏற்பாடு இருவருக்கும் சௌகரியமாக இருந்தது.

அதைக் கெடுத்தது லண்டன்காரர்கள். அங்கே ஒரு பெரிய கம்பெனி ராஜம்மாள் பாட்டிலை உலகம் முழுக்க எடுத்துப் போக முன்வந்தது. எல்லாம் பேசி முடித்த பிறகு அவர்களுடைய வக்கீல் ஒரு கேள்வி கேட்டார். படத்தில் இருக்கும் பெண் உயிரோடு இருக்கிறாரா? இருந்தால், அவர் பெயரையும் முகத்தையும் பயன்படுத்த அவரே கையெழுத்துப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் பெயரையும் படத்தையும் மாற்றிவிட்டு வாருங்கள், பேசலாம். ஏதோ ஊர் அம்மன் என்று சொல்லிவிடலாமா என்று பிலிப் யோசித்தான். பிறகு, ஒரு கையெழுத்துதானே மச்சான், வாங்கிட்டு வந்துடு என்றான். கமலக்கண்ணனுக்கும் அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. பேங்க் பேப்பரானாலும் வீட்டுப் பத்திரமானாலும் அம்மா கேட்பது ஒன்றுதான், எங்கடா போடணும் என்று.

சனிக்கிழமை காலையில் ஆரணிக்கு வந்தான். கீழ்த்தளத்தை விசைத்தறி போட்டவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்ததால் வீடே லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. குளித்துவிட்டு வருகிறேன் என்று போனான். மகன் குளிக்கப் போனால் அவன் பையைத் திறந்து அழுக்குத் துணியை எடுப்பது ராஜம்மாளின் பழக்கம். லண்டன்காரர்களுக்காகப் புதிதாக அச்சடித்த லேபிளோடு ஒரு பாட்டில் துண்டில் சுற்றி அந்தப் பைக்குள் இருந்தது. அதை எடுத்து வேறு இடத்தில் வைக்கவேண்டும் என்று கமலக்கண்ணனுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஈரத் தலையோடு வந்து பார்த்தபோது அவள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வெட்கமும் சந்தோஷமும் இருந்தன.

"இது நான்தான? தலையில இன்னாடா அது, அன்னாசிப்பழமா?"

ஆமாம் என்றான். சர்பத்தா என்று கேட்டுக்கொண்டே அவள் மூடியைத் திருகி மூக்கருகில் கொண்டுபோனாள். நன்னாரி வாசனைக்குப் பின்னால் இருந்த இன்னொரு வாசனையை அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அவள் புருஷன் சின்னதுரை, தறிக்காரர்களில் கைதேர்ந்தவர், சாயந்தரமானால் அந்த வாசனையோடுதான் வீட்டுக்கு வருவார். கல்லீரல் போய், கமலக்கண்ணன் ஆறாவது படிக்கும்போது செத்துப்போனார். அவள் மூடியை இறுக்கித் திருகி, பாட்டிலை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, இட்லி ஆறுது வா என்றாள்.

சாப்பிடும்போது கமலக்கண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். மாட்டிக்கொண்டவனுக்குத்தான் சரளமாகப் பேச வரும். தொங்கவிட்ட புடவைகள், துபாய், லிஸ்பன், லண்டன் வக்கீல் எல்லாம் வந்தன. தான் ஒரு சொட்டும் தொட்டதில்லை என்பதை இரண்டு முறை சொன்னான். அது உண்மைதான். ஓட்டல் என்றாயே என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். சாப்பாடும் உண்டும்மா என்றான். வக்கீல் கேட்ட சம்மதக் காகிதத்தை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான். அவள் எங்கடா போடணும் என்று கேட்கவில்லை.

"உங்கப்பா குடிச்ச கடைக்கு இன்னா பேர் தெரியுமா?" என்று கேட்டாள்.

அவனுக்குத் தெரியவில்லை. இப்போது சர்க்கார் நடத்தும் கடைகளுக்கு நம்பர்தான் உண்டு. அந்தக் காலத்தில் தனியார் கையில் இருந்தபோது ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்தது சரோஜா ஒயின்ஸ். ராஜம்மாள் அந்தக் கடைப் படியை மிதித்ததில்லை, பெயரை மட்டும் தெரியும். புருஷனைத் திட்ட முடியாது, நாளைக்கு அவர்தான் தறியில் உட்கார வேண்டும். அதனால் சரோஜாவைத் திட்டினாள். தினமும் விளக்கு வைத்த கையோடு தெருவுக்கு வந்து, ஒரு பிடி மண்ணை வாரிப் பஸ் ஸ்டாண்டு இருக்கும் திசையில் தூற்றி, சரோஜா வெளங்கமாட்டா, சரோஜா படுத்த படுக்கையா கெடப்பா என்று சாபம் விட்டாள். சரோஜா என்றால் கை நிறைய வளையலோடு, வெற்றிலை மென்றுகொண்டு, கல்லாப்பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும் தடித்த பொம்பளை என்று அவள் மனத்தில் ஓர் உருவம் இருந்தது. புருஷன் செத்த அன்றும் அந்த உருவத்தைத்தான் சபித்தாள்.

அடுத்த ஆடி மாதம் படவேட்டில் ரேணுகாம்பாள் கோயில் வரிசையில் நின்றபோது அவளுக்குத் தலை சுற்றியது. முன்னால் நின்ற ஓர் ஒல்லியான அம்மாள் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தன் தூக்கிலிருந்து புளிச்சோறு எடுத்துக் கையில் வைத்தாள். எந்த ஊர் என்று விசாரித்தாள். ஆரணி என்றதும், எங்க கடைகூட ஆரணி பஸ் ஸ்டாண்டாண்டதான் என்றாள்.

இதையெல்லாம் ராஜம்மாள் சொல்லச் சொல்ல, கமலக்கண்ணன் இட்லியைப் பிட்டுக் கையிலேயே வைத்திருந்தான்.

"'எம்பையன் சரோஜான்னு என் பேர்ல கடை வெச்ச நாளா எனக்கு ஒடம்பு ஒரு நாளும் நல்லால்ல தாயி, யார் கண்ணு பட்டுதோன்னு கும்புட வந்தேன்'னு சொல்றா. அது இன்னா கடைன்னே அவளுக்குச் சரியா தெரில. யாவாரம்னு சொல்றா. நான் அவ குடுத்த சோத்த கையில வெச்சிகினு குந்திகினு இருக்கேன்."

அப்புறம் என்ன செய்தாய் என்று அவன் கேட்டான்.

"துன்னேன். பசி."

விரலால் காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள். "இனிமே எந்தெந்த ஊர்லயோ சாயந்தரமானா எவளோ ஒருத்தி என் பேரைச் சொல்லி மண்ணை வாரித் தூத்துவா. சரோஜாவுக்காவது மூஞ்சி தெரியாம இருந்துச்சி. என் மூஞ்சியையும் இல்ல ஒட்டிக் குடுத்துட்ட."

வெளிநாட்டில் அப்படியெல்லாம் இல்லை, அங்கே புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே வந்து சந்தோஷமாகக் குடிப்பார்கள் என்றான் கமலக்கண்ணன். அவள் அதை யோசித்துப் பார்த்தாள். அப்போ கூட வந்து குடிக்கிற பொண்ணோட அம்மா திட்டுவா என்றாள்.

பிறகு அவள் தீர்ப்பு மாதிரி இல்லாமல், குழம்பில் உப்புப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள். "கடை உன்னுது, யாவாரம் உன்னுது. உன் பேர வெச்சிக்க. உன் மூஞ்சியப் போட்டுக்க. திட்றவ கடைக்காரனத் திட்டட்டும்."

நியாயமான பேச்சு. கமலக்கண்ணனும் சரிம்மா என்று உடனே ஒப்புக்கொண்டான். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் ஒப்புக்கொண்டான், பேஜார் விட்டது என்றுகூட நினைத்தான். அங்கேயே பிலிப்புக்குப் போன் போட்டான். நடக்காது என்று அவன் குதிப்பான், அவனைக் காட்டி அம்மாவிடம் இன்னொரு முறை பேசிப் பார்க்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கும் இருந்தது. பிலிப் குதிக்கவில்லை. கமல் என்று சுருக்கினால் வெளிநாட்டுக்காரன் வாயிலும் நுழையும், மீசையோடு உன் படம், தோளில் அதே கிளி, லண்டன்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றான். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு மச்சான், இன்னிக்கே வரையச் சொல்றேன் என்றான்.

ஒரு வார்த்தைதான். கமலக்கண்ணனுக்குச் சாபத்தில் நம்பிக்கை கிடையாது. படித்தவன், பல தேசம் பார்த்தவன். ஆனால் அந்த நம்பிக்கையின்மை அம்மா பெயர் இருந்த வரைக்கும்தான் திடமாக இருந்தது. இப்போது ஏதோ ஒரு தெருவில், விளக்கு வைத்த கையோடு ஒருத்தி வெளியே வந்து குனிவது தெரிந்தது. அவள் வாயில் அவன் பெயர் இருந்தது. அவன் வீடு, அவன் மனைவி, பள்ளிக்கூடத்துக்குப் போகும் அவனுடைய இரண்டு பெண் குழந்தைகள் எல்லாம் அந்தப் பெயருக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். போனில் பிலிப் ஹலோ ஹலோ என்றான். அப்பறம் கூப்பிடறேன் என்று சொல்லிக் கமலக்கண்ணன் வைத்துவிட்டான்.

ராஜம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பேனா குடு."

வேண்டாம்மா என்று அவன் சொன்னான். சொன்ன விதத்தில் அது காதில் விழாமல் போவதற்கான எல்லா வசதியும் இருந்தது. கை அதற்குள் சட்டைப்பைக்குப் போய், யாரோ பரிசாகக் கொடுத்த மைப்பேனாவை எடுத்திருந்தது.

"எனக்கு வயசாயிடுச்சி. நான் வாங்கிக்கறேன். நீ புள்ளகுட்டிக்காரன்," என்றாள்.

எழுத்துக் கூட்டி, சி. ராஜம்மாள் என்று போட்டாள். பழக்கமில்லாத பேனா, மை கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது. கிழித்துப் போட அவனுக்கு நேரம் இருந்தது. அவன் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, எழுத்து கலைந்துவிடாமல் இருக்க மெல்ல ஊதினான்.