படம் அந்தப் பக்கம்

எம்மெட் கால்டர் படம் எடுக்கும்போது நடிகர்களைப் பார்க்க மாட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஹாலிவுட்டில் கிறுக்கர்களுக்கு எப்போதும் பஞ்சமில்லை. குதிரையைவிட்டு இறங்காமலே டைரக்ட் செய்த ஒருவர் இருந்தார், தோளில் கிளியோடு வருகிற ஒருவர் இருந்தார். அதனால் கால்டரின் நாற்காலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊமைப் படங்களின் காலத்தில் அவரும் ஏணிமேல் நின்று மெகாபோனில் தொண்டை கிழியக் கத்தியவர்தான். படம் பேச ஆரம்பித்ததும் டைரக்டர்களில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். கால்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

"மூஞ்சியால பொய் சொல்றது ரொம்ப சுலபம்யா. பதினஞ்சு வருஷமா நான் அதைத்தானே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன்! ஆனா குரல் பொய் சொன்னா எனக்குப் பளிச்சுனு தெரிஞ்சிடும்" என்பார்.

அப்படி எடுத்ததுதான் 'இரண்டு குடைகள்', 'ஓமாஹாவுக்கு மெதுவாகப் போகும் ரயில்', இன்னும் ஒரு முப்பது படங்கள். அவர் படத்தில் யாரும் உருகி உருகிப் பேச மாட்டார்கள். "உப்பை இப்படிக் குடு" என்பார்கள், அவ்வளவுதான். தியேட்டரில் உட்கார்ந்திருக்கிற ஜனம் கைக்குட்டையை எடுத்துவிடும்.

நடிகர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் எதிரே யாராவது இருந்துதானே ஆக வேண்டும்? எதிரே இருந்தவள் ஐடா பெல்லோஸ். கன்டின்யூட்டி பார்ப்பது அவள் வேலை. போன ஷாட்டில் சிகரெட் எவ்வளவு நீளம் இருந்தது, கோட்டில் எத்தனை பொத்தான் போட்டிருந்தது, கோப்பை எந்தக் கையில் இருந்தது என்று குறித்துக்கொண்டு, அடுத்த ஷாட்டில் அதில் இம்மி பிசகினாலும் "நில்லுங்க" என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஒரு பொத்தான்கூடத் தப்பியதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. பெருமைப்பட்டுக்கொள்ள வேறு என்ன இருந்தது? புருஷன் பாண்டு வாசிக்கிறேன் என்று சிகாகோ பக்கம் போனவன், போனவன்தான். மடியில் நோட்டும் கையில் பென்சிலுமாக, கால்டரின் தோளுக்கு மேலாக நடிகர்களைப் பார்த்தபடி அவள் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு டேக் நடந்துகொண்டிருந்தபோது, காற்றடிக்கிற பெரிய விசிறி கால்டருக்குப் பின்னால் தடாலென்று சரிந்தது. தளத்தில் இருந்த அத்தனை பேரும் துள்ளினார்கள். கால்டர் மட்டும் கண்ணை மூடியபடி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இருப்பவர்போல அமைதியாக இருந்தார். ஐடா நோட்டை மறந்து அவரையே பார்த்தாள்.

மறுநாளிலிருந்து அவர் கண் மூடுவதில்லை. டேக் ஓடுகிற நேரமெல்லாம் எதிரே இருந்த ஐடாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வாரம் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. மூக்கில் மை ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு தரம் கண்ணாடி பார்த்தாள். பிறகு புரிந்தது. அவள் முகம் சுளித்தால் "இன்னொரு தரம்" என்றார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் "கட், இதுதான்" என்றார். முகத்தை நம்பாத மனுஷன் ஒரே ஒரு முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அப்படி மூன்று படம் முடிந்தது.

நாலாவது, 'புதன்கிழமை வந்தவன்'. வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருக்கிற ஒரு விதவை, அந்த அறைக்கு வந்து சேருகிற ஒருவன், இவ்வளவுதான் கதை. ஒரே ஒரு காட்சிதான் பாக்கி. அவன் வீட்டைவிட்டுப் போகிறான். அவள் வாசல்வரை வந்து, "தொப்பிய மறந்துட்டீங்க" என்று நீட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் மேலிடத்திலிருந்து க்ரான்டல் வந்து சேர்ந்தார்.

க்ரான்டல் தயாரிப்பு மேலாளர். யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். வந்தவர் கால்டருக்குப் பின்னால் பூனை மாதிரி நின்று, மெதுவாகச் சொன்னார்:

"மிஸ்டர் கால்டர், உங்க நாற்காலிக்கு அடியில ஒரு பாம்பு."

ஐடாவின் கண் தன்னை அறியாமல் நாற்காலிக்கு அடியில் போய், அங்கே ஒன்றும் இல்லை என்று பார்த்து, க்ரான்டலை எரிப்பதுபோல நிமிர்ந்தது. கால்டர் நிதானமாகத் திரும்பினார்.

"என்ன க்ரான்டல், இந்த வயசுல விளையாட்டு?"

க்ரான்டல் அசடு வழிந்தார். ஆனால் அசடர் இல்லை. போகும்போது கால்டரைப் பார்க்கவில்லை, ஐடாவைப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஐடாவுக்கு ஒரு சீட்டு வந்தது. 'உடனே ஒன்பதாம் தளத்துக்குப் போகவும். கால்டருக்கு வேறு பெண் அனுப்பப்படுவாள்.'

ஒன்பதாம் தளத்தில் பாட்டுப் படம். நாற்பது பெண்கள் நீச்சல் தொட்டியில் தலைகீழாகக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கால் யாருடையது என்று குறிக்கச் சொன்னார்கள். ஐடா ஒரு மணி நேரம் குறித்தாள். இங்கே கால் எண்ணிக்கொண்டிருக்கும்போது அங்கே அவர் யார் முகத்தைப் பார்ப்பார் என்ற நினைப்பு வந்ததும் பென்சில் முனை ஒடிந்தது. நோட்டை மூடினாள். யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வேலையைப் போட்டுவிட்டு நடந்தது அதுதான் முதல் தடவை.

கால்டர் படம் எடுக்கிற நாலாம் தளத்தின் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு எரிந்தால் உள்ளே டேக் ஓடுகிறது என்று அர்த்தம். ஜனாதிபதியே வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது. அவள் வெயிலில் நின்றாள். கதவோரம் லைட்மேன் ஆஸி ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வந்துட்டியாம்மா! உள்ளே அந்த க்ரான்டல் ஒரு வேலை பண்ணியிருக்கான். கதாநாயகனைத் தனியா கூப்பிட்டு, டேக்குக்கு நடுவுல வசனத்தை விட்டுட்டு கேன்டீன் மெனுவைச் சொல்லச் சொல்லியிருக்கான். கிழவர் அதுக்கும் 'இதுதான்'னு சொன்னா கதை முடிஞ்சுது. எனக்குப் பாக்கச் சகிக்கல, வெளியே வந்துட்டேன்."

ஐடா குரலைத் தாழ்த்தினாள்.

"உனக்கு… அவருக்குக் காது…"

"எனக்கா? எல்லாருக்கும் தெரியும்மா. ரெண்டு வருஷமா அவருக்கு முன்னாடி வந்து நின்னுதானே நாங்க பேசுறோம்? கேமராக்காரன், தச்சன், காபி குடுக்கிற லாட்டி, எல்லாரும்தான். ஒரு பொத்தானை விட மாட்டே, இதைப் போய் விட்டுட்டியே!"

தனக்கு மட்டுமே தெரியும் என்று பொத்திப் பொத்தி வைத்ததை அறுபது பேர் சேர்ந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு அணைந்தது. கதவைத் தள்ளினாள்.

உள்ளே கதாநாயகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கதாநாயகி லெனோருக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த பெண் ஒன்றும் புரியாமல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளை ஓரமாக உட்காரவைத்திருந்தார்கள். கால்டருக்கு எதிரே ஐடாவின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

க்ரான்டல் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "எப்படி இருந்துது? வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

கால்டர் நிமிர்ந்தார். கதவருகே நின்ற ஐடா தெரிந்தாள். அவள் தலையை அசைக்கக்கூட இல்லை. அவள் முகத்திலேயே எல்லாம் இருந்தது.

"வேண்டாம். சரியில்ல" என்றார் கால்டர்.

க்ரான்டல் சட்டென்று திரும்பினார். முகம் சிவந்துவிட்டது.

"யாரைக் கேட்டு இங்க வந்தே? ஒன்பதாம் தளத்துல உன்னைத் தேடிக்கிட்டு இருக்காங்க. போ, ஆபீஸ்ல போய்க் கணக்கை முடிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போ. இனிமே இந்த ஊர்ல உனக்கு எவன் வேலை குடுக்கிறான்னு பாக்கறேன்!"

கால்டருக்கு இது கேட்கவில்லை. ஆனால் ஐடாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தார். எழுந்தார். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பார், சோதனையில் தேறியாகிவிட்டதே! ஐடா வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். முதல் தடவையாக அவர் அந்த முகம் சொன்னதைக் கேட்கவில்லை.

"அவங்கள ஒண்ணும் சொல்லாத க்ரான்டல். எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருஷமாச்சு. நீ இப்ப என்ன சொன்னேன்னும் தெரியாது, அந்தப் பையன் என்ன பேசினான்னும் தெரியாது. போன மூணு படமும் இந்த அம்மா முகத்தைப் பாத்து எடுத்ததுதான். அதுல ஒண்ணுக்கு உங்க முதலாளி விருந்து வச்சார். வேலைய விட்டு அனுப்பணும்னா என்னை அனுப்பு. அதுக்கு முன்னாடி அவங்க நாற்காலில அவங்க உக்காரட்டும்."

மேலே விளக்குப் பரணில் இருந்த ஒருவன் மெதுவாகக் கை தட்ட ஆரம்பித்தான். தட்டினால் கிழவருக்குக் கேட்காதே என்று நினைவு வந்து, விளக்கைப் பட்பட்டென்று அணைத்து அணைத்து ஏற்றினான். மற்ற விளக்குகளும் சேர்ந்துகொண்டன. கால்டர் அண்ணாந்து பார்த்தார்.

க்ரான்டல் தொலைபேசியில் அரை மணி நேரம் மேலிடத்தோடு பேசினார். இருப்பது ஒரே காட்சி, முடிக்கட்டும். ஐடாவும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இதோடு கால்டருக்கு இந்தக் கம்பெனியில் படம் கிடையாது என்று பதில் வந்தது. முப்பத்தேழு வருஷத்து உழைப்புக்கு அரை மணி நேரப் பேச்சு. அதைக்கூடக் காது கேட்காதவரிடம் இரைந்து இரைந்து சொன்னார் க்ரான்டல்.

ஐடா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கால்டர் எதிரே உட்கார்ந்தார். கேமரா ஓடியது.

அது அவர்களுடைய கடைசி டேக். எதிரே இருந்த கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன, இனிமேல் பார்க்கப்போவதில்லை. அவர் தோளுக்கு மேலாக லெனோர் வாசலுக்கு வந்தாள். "தொப்பிய மறந்துட்டீங்க" என்றாள். அந்தக் குரலில் போகாதே என்பதும் இருந்தது, போ என்பதும் இருந்தது. தொப்பி இடது கையில் இருந்தது. நேற்று எடுத்த தூர ஷாட்டில் வலது கையில் இருந்த தொப்பி. ஐடா பார்த்தாள். பார்த்தும் பென்சில் எழவில்லை. கன்னத்தில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

"கட். இதுதான்" என்றார் கால்டர்.

அவள் எழுந்து அவர் முன்னால் வந்து நின்று, உதடு தெளிவாகத் தெரியும்படி சொன்னாள்:

"மன்னிச்சிடுங்க மிஸ்டர் கால்டர். தப்பு என்னோடது. தொப்பி இடது கையில இருந்துது."

அவர் யோசித்தார்.

"உங்க முகத்துல தொப்பி தெரியலையே" என்றார்.

இன்னொரு டேக் எடுக்கவில்லை.

மே மாதம், ஒரு சனிக்கிழமை பிற்பகல், பசடீனாவில் ஒரு தியேட்டரில் அறிவிப்பில்லாமல் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். வந்திருந்தவர்கள் சோளப்பொரியும் குழந்தையுமாகச் சாதாரண ஜனங்கள். ஐடா சீக்கிரமே போய் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விளக்கு அணைகிற சமயத்தில் கால்டர் தடவித் தடவி வந்தார். அவள் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. அதில் உட்காராமல் முன் வரிசைக்குப் போனார். அவளுக்கு நேர் முன்னால் இருந்த இருக்கையில் உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில் உட்கார்ந்து, சாய்வில் கையை ஊன்றி, அவளைப் பார்க்க ஆரம்பித்தார்.

டார்ச் அடித்துக்கொண்டு இடம் காட்டும் பெண் ஓடி வந்தாள்.

"ஐயா, படம் அந்தப் பக்கம்!"

அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐடாதான் பதில் சொன்னாள்.

"அவருக்குத் தெரியும்மா. அவர் எடுத்த படம்தான். இப்படியேதான் எடுத்தார்."

டார்ச் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டு போனாள்.

திரையின் வெளிச்சம் ஐடாவின் முகத்தில் ஆடியது. ஜனம் சிரித்தபோது அவள் சிரித்தாள், அவள் சிரித்ததைப் பார்த்து ஒரு நொடி தள்ளி அவர் சிரித்தார். அறை வாடகைக்கு எடுத்தவன் முட்டையைக் கருக்கிய இடத்தில் தியேட்டரே அதிர்ந்தது. அவள் கையை விரித்து, இவ்வளவு, இவ்வளவு என்று காட்டினாள். கடைசிக் காட்சி வந்தது. சோளப்பொரி மெல்லுகிற சத்தம்கூட நின்றுபோனது. பக்கத்தில் இருந்த ஒரு தடித்த ஆள் மூக்கை உறிஞ்சினான். ஐடாவின் கன்னம் அன்றைக்கு நனைந்ததுபோலவே நனைந்தது.

காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. அந்த நிசப்தத்தில் கால்டர் கணீரென்று கேட்டார்:

"ஐடா, தொப்பி இடது கையிலயா இருக்கு?"

நாலு பக்கத்திலிருந்தும் உஷ், உஷ் என்றார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். சாய்வின் மேலிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நிஜம்தானா என்று பார்க்க அப்போதும் அவர் திரைப் பக்கம் திரும்பவில்லை.