அம்மா ஏறப்போகும் கார்

கார்க் கதவைத் திறந்ததுமே சண்முகநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"செத்த எலிதான். சந்தேகமே இல்ல."

"எலி செத்தா இப்படிப் புளிச்சா நாறும்? நீங்க சந்தையில வாங்கிட்டு வந்த மீன் தண்ணியா இருக்கும்" என்றாள் அவன் மனைவி புஷ்பலதா.

"மீன் இருந்தது டிக்கியில. நாத்தம் வர்றது முன்னால. மூக்கு எங்க இருக்கு மகாராணிக்கு?"

வேறு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். நாளை மறுநாள் அவள் தம்பி அழகருக்குக் கண்டியில் கல்யாணம். கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து அம்மாவை இந்தக் காரில்தான் அழைத்து வரவேண்டும். அம்மா நல்லம்மாவுக்கோ வண்டி வாடை துளியும் ஆகாது. பேராதனை பஸ்ஸில் கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே வருவாள். அப்படியும் பாதி வழியில் வாந்தி எடுத்துவிடுவாள். ஒருமுறை கொண்டக்டர், "இதுக்குத்தான் தோட்டத்து ஆட்கள ஏத்தக் கூடாது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். பள்ளிக்கூடச் சீருடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புஷ்பலதா பழத்தை எடுத்து அம்மாவின் மூக்கருகே பிடித்தாள். அம்மாவை ஒருநாள் சொந்த வண்டியில், முன் சீட்டில் உட்காரவைக்கிறேன் என்று மனசுக்குள் முடிவெடுத்தாள்.

இப்போது அவள் மாநகர சபையில் எழுதுவினைஞர். அம்பிட்டிய மேட்டில் கியர் மாற்றி மாற்றி, கணவனுக்கு முன்பே லைசன்ஸ் எடுத்தவள். கார் வந்துவிட்டது. கூடவே இந்த நாற்றமும்.

சண்முகநாதன் மல்லிகை வாசனை அட்டை ஒன்றை வாங்கிவந்து கண்ணாடியில் தொங்கவிட்டான். அவள் அதைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்தாள்.

"நாத்தத்துக்கு மேல வாசத்தப் பூசினா அம்மாவுக்கு இன்னும் கொமட்டும். இருக்கிற இடத்தக் கண்டுபிடிக்கணும்ங்க."

கண்ணாடிகளை ஏற்றி, கதவுகளைச் சாத்தி, காரை வெயிலில் விட்டாள். நன்றாகக் காய்ந்த பிறகு கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து தலையை நுழைத்து முகர்ந்தாள். பின் சீட்டில் லேசாக இருந்தது. முன்பக்கம் இடது கதவைத் திறந்தபோது முகத்தில் அறைந்தது.

"ஸ்பானர எடுங்க. இந்த சீட்டக் கழட்டணும்."

"அம்மா உட்காரப்போற சீட்டேவா?"

சீட்டை எடுத்து, விரிப்பைக் கிளப்பினார்கள். அடியிலிருந்த பஞ்சு மெத்தையில் தயிர்போலத் திட்டுத்திட்டாய் வெள்ளை. நடுவில் நாலைந்து மஞ்சள் அரிசி. ஒரு கருகிய பூவிதழ்.

புஷ்பலதா அப்படியே குந்திவிட்டாள். கார் முதன்முதலாகத் தோட்டத்துக்குப் போன நாள் கண்முன் வந்தது. லயத்து வரிசை வீடுகளின் ஜனமெல்லாம் சுற்றி நிற்க, அம்மா ஆலம் சுற்றினாள். புதுவீட்டில் செய்வதுபோலப் பால் பொங்கவைத்தாள். "நீங்க உள்ள போயி தேத்தண்ணி குடிங்க, இந்தா வந்துர்றேன்" என்று செம்போடு கார்ப்பக்கம் போனாள். திரும்பும்போது செம்பு காலி.

"அம்மாதாங்க. புதுவீடுன்னு நெனச்சுக்கிட்டு உள்ளயே பால் ஊத்தியிருக்காங்க."

சண்முகநாதன் சிரிக்க ஆரம்பித்து, அவள் கண்ணைப் பார்த்ததும் நிறுத்தினான். "அத்தை நம்மள வாழ்த்தின வாசந்தானா இவ்வளவும்?" என்றபடி வாளியைத் தூக்கினான்.

"பச்சத் தண்ணி கொண்டு வாங்க. சுடுதண்ணி பட்டா பால் பஞ்சோட ஒட்டிக்கும்."

பஞ்சை அலசினார்கள். வினாகிரி கலந்த தண்ணீரில் ஊறவைத்து மறுபடி அலசி மதிலில் விரித்தார்கள். கார்த் தரையைத் துடைத்து அப்பச்சோடா தூவினாள். பின்னேரம் மழை இருட்டியபோது இருவரும் பஞ்சைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள். இரவெல்லாம் மின்விசிறி அதற்குத்தான். அடுத்த நாள் வெயில் கண் திறந்தது. சாயங்காலம் சீட்டைப் பூட்டி, உள்ளே உட்கார்ந்து, கண்ணை மூடி மூச்சிழுத்தாள். ஒன்றுமில்லை. வெறும் கார்.

"என் பொண்டாட்டிக்கு மெக்கானிக் வேலையும் தெரியும்னு ஆபீஸ்ல சொல்லப்போறேன்" என்றான் அவன்.

"சொல்லுங்க. நல்லா சத்தமா சொல்லுங்க."

கல்யாணத்தன்று காலையில் நல்லம்மா பட்டுச் சேலையில் லயத்து வாசலில் நின்றாள். ஒரு கையில் எலுமிச்சம்பழம். மறு கையில் செம்பு நிறையப் பால்.

சண்முகநாதன் செம்பைப் பார்த்தான். "லதா..." என்று முணுமுணுத்தான்.

"நல்ல காரியத்துக்குப் போறோம்ல. அன்னைக்கு மாதிரி உள்ள கொஞ்சம் ஊத்திர்றேன்" என்று அம்மா கதவைத் தொட்டாள்.

புஷ்பலதா இறங்கிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ளதான் அன்னைக்கே ஊத்திட்டீங்களேம்மா. இன்னைக்கு டயருக்கு ஊத்துங்க. நம்மளத் தூக்கிட்டு ஓடப்போறது அதுதானே?"

அம்மா யோசித்தாள். "ஆமால்ல" என்று நாலு சக்கரத்துக்கும் சுற்றிவந்து ஊற்றினாள்.

தேயிலை மலையின் வளைவுகளில் கார் இறங்கியது. புஷ்பலதா ஓரக்கண்ணால் அம்மாவையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். அம்மா பழத்தை முகரவில்லை. மடியில் வைத்திருந்தாள். கொஞ்சத்தில் அதுவும் பைக்குள் போனது.

"என்னம்மா, கொமட்டுதா?"

"இல்லடி. நம்ம வண்டியாச்சே."

தூரத்தில் பஸ் ஹோல்ட் தெரிந்தது. தோட்டத்து ஆட்கள் பஸ்ஸுக்காகக் கூட்டமாய் நின்றிருந்தார்கள். நல்லம்மா முந்தானையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"புள்ள, கொஞ்சம் மெதுவாப் போ. கண்ணாடியையும் எறக்கிவிடு. ஓட்டுறது யாருன்னு அவங்களுக்கும் தெரியட்டும்."