ஒளிராத கொக்கி

திரையில் நான்கு கோடுகள் மேலேறின. ஐந்தாவது தரையோடு படுத்துக்கிடந்தது. அக்காவின் சளியில் காசநோய்க் கிருமி இருப்பது உறுதியாகிவிட்டது. முக்கியமான மருந்துக்கு அது மசியாது என்றும் கருவி சொல்லிவிட்டது.

கிருமிகளின் மரபணுவைப் படிப்பதுதான் இளையவளின் வேலை. கருவியின் சூட்சுமம் அவளுக்கு அத்துப்படி. மருந்து போய்ப் பிடிக்கிற புரதம் ஒன்று உண்டு. அதை உண்டாக்கும் மரபணுவில் சின்னஞ்சிறு பகுதியை மட்டும் கருவி தடவிப் பார்க்கும். அதனிடம் ஐந்து கொக்கிகள். எழுத்துகள் சரியாக இருந்தால் கொக்கி மாட்டிக்கொண்டு ஒளிரும். ஓரெழுத்து பிசகினாலும் மாட்டாது. ஏன் மாட்டவில்லை என்று கருவி யோசிக்காது. 'மருந்துக்கு அடங்காது' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடும்.

"நாளைக்கே மாத்து மருந்தை ஆரம்பிச்சிடலாம்மா" என்றார் மார்பு மருத்துவர்.

"அதுல விரல் மரத்துப்போக வாய்ப்பிருக்கு சார். அக்கா தையல்காரி."

"தெரியும். நுரையீரலை விட்டுட்டு விரலை வெச்சு என்ன செய்யறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

"ஒவ்வொரு எழுத்தாப் படிச்சுப் பார்த்துடறேன் சார். வெள்ளிக்கிழமை வரைக்கும் கொடுங்க. நிஜமாவே அடங்காததுன்னா நானே பக்கத்துல உக்காந்து முழுங்க வைக்கிறேன்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதுக்கு மேல கேக்காதே."

அக்கா ஜன்னல்களைத் திறந்துபோட்டுத் தனியறையில் இருந்தாள். இருவர் முகத்திலும் முகக்கவசம்.

"அப்போ மெஷின் பொய் சொல்லுதாடி?"

"பொய் இல்லக்கா. நூல் டப்பா மேல நீ 'கருப்பு'ன்னு எழுதுவ, நான் 'கறுப்பு'ன்னு எழுதுவேன். உள்ள இருக்கற நூல் வேறயா?"

"உனக்கும் எனக்கும் அந்த றகரச் சண்டை இன்னும் தீரல."

"மெஷினுக்கு ஒரு எழுத்துதான் தெரியும். வேற மாதிரி எழுதியிருந்தா, நூலே வேறன்னு அடிச்சுச் சொல்லிடும்."

"கிருமி உன் கட்சியா, என் கட்சியா?"

"அதைத்தான் பார்க்கப் போறேன்."

வெள்ளிக்கிழமை மதியம் எழுத்துகள் வந்து விழுந்தன. மரபணு மூன்று மூன்று எழுத்துச் சொற்களால் பேசும். ஒவ்வொரு சொல்லும் புரதத்தில் ஒரு மணியைக் கோக்கும். 'டி டி சி' இருக்க வேண்டிய இடத்தில் 'டி டி டி' இருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். இரண்டு சொற்களும் கோப்பது ஒரே மணியைத்தான். புரதத்தில் மாற்றமில்லை. மருந்து பிடிக்க வேண்டிய இடம் பழையபடியே இருந்தது. மற்ற எழுத்துகளிலும் பிசகில்லை.

மருத்துவர் நேரில் வந்து திரையைப் படித்தார்.

"சரி, வழக்கமான மருந்தே கொடுப்போம். ஆனா வளர்ப்புச் சோதனையில கிருமி மருந்துக்குச் சாகுதான்னு பார்த்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"எனக்கும்தான் சார்."

அந்த முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் வழக்கமான மருந்தின் சிவப்பு மாத்திரை அக்காவின் உடம்புக்குள் வேலையைத் தொடங்கியிருந்தது.

"அடியே, என்னடி சாயத்தைக் கொடுத்த? போறதெல்லாம் ஆரஞ்சா இருக்கு!"

"கண்ணீர்கூட அப்படித்தான்க்கா வரும்."

"அழக்கூட விடமாட்டியா நீ!"

சிரித்த சிரிப்பு இருமலாகி அக்காவின் கண்கள் நிறைந்தன. தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விழுந்து, மெல்லிய ஆரஞ்சு வட்டமாகப் பரவியது. அவள் ஊசியை நிறுத்தவில்லை. வட்டத்தின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு தையல் முன்னே போனது.