மலை இல்லாத ஊரின் மேல்பக்கம்

நகிமா வந்திறங்கிய மூன்றாம் நாள் காலையில் புகாரா நகரத்தின் தென்கோடி, பெரிய மசூதிக் கோபுரத்தின் பாதி உயரத்துக்கு எழும்பி நின்றது. சுவர் எதுவும் விரிசல் விடவில்லை. சந்தையில் முலாம்பழங்கள் வடக்கே உருண்டன. அடிபட்டதை அன்று பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஊர் நடுவில் இருக்கும் பழைய குளத்தின் தண்ணீர் மட்டும் பிடிவாதமாகச் சமமாகவே கிடந்ததால் வடகரைப் படிகள் மூழ்கின, தென்கரையில் பாசி வெளியே தெரிந்தது.

நகிமா எல்லை தாண்டி, கசாக் நாட்டு அல்மாத்தியிலிருந்து வந்தவள். அந்த ஊர் மலைச்சரிவில் கிடப்பது. அங்கே யாரும் தெற்கு வடக்கு சொல்லி வழி காட்டுவதில்லை. மலைப்பக்கம் மேலே, மற்றது கீழே, அவ்வளவுதான். அறுபது வயதுவரை அவளுக்கு அது போதுமாக இருந்தது. அதற்கு மேல் தெரியவேண்டியதெல்லாம் கணவன் அமான்கெல்திக்குத் தெரியும். புகாராவைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்ததும் அவன்தான். பனிக்காலத்தில் செத்துப்போனான். அவள் தனியாகக் கிளம்புகிறாள் என்று தெரிந்ததும் மகன் தவ்ரென் அஸ்தானாவிலிருந்து போன் செய்தான்.

"வெளிநாட்டுல ஒத்தையில சுத்தப் போறியாம்மா? நம்ம ஊர்லயே பஸ் மாறி ஏறுற ஆளு நீ. ஒரு மணி நேரத்துல தொலைஞ்சிடுவ."

"தொலைய மாட்டேன்."

"தொலைஞ்சு எனக்கு ஒரே ஒரு போன் போட்டாலும் அந்த வீட்ட வித்துட்டு எங்கூட வந்துடணும். சரியா?"

சரி என்றாள். அஸ்தானா பலகை மாதிரித் தட்டையான ஊர். அங்கே மேலே என்றால் வானம்தான். அல்மாத்தி வீட்டு ஜன்னலிலோ மலை தெரியும். வேறு எதுவும் அவளிடம் மிச்சமில்லை.

புகாராவின் சந்துகள் எல்லாம் ஒரே மண் நிறம். முதல் இரண்டு நாளும் அவள் திரும்பின பக்கமெல்லாம் தொலைந்தாள். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் விடுதி மேலேயா கீழேயா என்று கேட்டாள். முலாம்பழ வண்டிக்காரி மவ்ஜூதா சிரித்துவிட்டாள்.

"மேலயா கீழயாவா? அக்கா, இந்த ஊரு தட்டு மாதிரி. முட்டைய வச்சா வச்ச எடத்துலயே கெடக்கும்." ஆனால் ஒரு கீற்றுப் பழம் அறுத்துக் கொடுத்து தெருமுனை வரை கூடவே வந்தாள். முடிதிருத்துகிறவர் தேநீர் ஊற்றினார். ரொட்டிக்காரர் எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். அவள் பேசியது கசாக், அவர்கள் பேசியது உஸ்பெக், பாதி புரிந்தது. அந்த இரண்டு நாளில் பேசியது அவள் வருஷமெல்லாம் பேசியதைவிட அதிகம். இரண்டாம் நாள் மாலை, யாருமில்லாத ஒரு சந்தில் மாட்டிக்கொண்டு போனைக் கையில் எடுத்தாள். மகன் பெயர்மீது விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். தேடிக்கொண்டு வந்த விடுதிக்காரர் கூட்டிப்போனார். மறுநாள் காலை ஊர் சாய்ந்தது.

அவள் கெண்டைக்கால்தான் அதை முதலில் கண்டுகொண்டது. அதன்பிறகு தொலையவில்லை. மூச்சு வாங்கினால் மேலே, முட்டி வலித்தால் கீழே. விடுதி கீழே. கோட்டை, கல்லறைகள், செம்பு தட்டுகிறவர்கள் தெரு, எல்லாவற்றையும் நடந்தே பார்த்தாள். யாரும் அவளிடம் பேசவில்லை. வழி தெரிந்து நடக்கிறவளிடம் பேச யாருக்கு என்ன இருக்கிறது? இப்படியே நாட்கள் போயின. ஒரு மாலை விடுதிக்காரரிடம் உப்பு கேட்க வாய் திறந்தபோது தொண்டை கட்டியிருந்தது.

கடைசி நாள் அவள் மவ்ஜூதாவின் வண்டி முன்னால் போய் நின்றாள். விடுதிக்குக் கண்ணை மூடிக்கொண்டு போயிருப்பாள்.

"விடுதிக்கு எப்படிப் போகணும்?"

மவ்ஜூதா சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "கீழக்கா. நேரா கீழ எறங்குங்க. மேல ஏறிடாதீங்க, அங்க ஒண்ணுமில்ல."

அமான்கெல்தி செத்த பனிக்காலத்துக்குப் பிறகு அவளுக்கு இப்படி யாரும் வழி சொன்னதில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லு."

"காது அடைச்சிருக்கா? கீழ-ன்னேன்." மவ்ஜூதா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்து ஒரு கீற்று அறுத்தாள். நகிமா அதை நின்றபடியே தோல்வரை தின்றாள்.

ரயிலடியில் மகன் கூப்பிட்டான். "தொலையலயா?"

"இல்ல."

"சரி. பாத்து வா" என்று வைத்துவிட்டான். வீட்டை விற்கவில்லை. அவள் அதில்தான் இருக்கிறாள், தனியாக.

புகாரா இன்னும் சாய்ந்தேதான் நிற்கிறது. கிண்ணத்தின் வடக்கு விளிம்பு வழியாத அளவுக்குத் தேநீர் ஊற்ற எல்லோரும் பழகிவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் வழி கேட்டால் மேலே என்கிறார்கள், கீழே என்கிறார்கள். மேலே ஏறிப் போய்ப் பார்த்தால் மலை கிடையாது. பருத்திக் காடுதான்.